தாழ்ந்த கிளையில் நான்கு சூப்பிகள்

2018 மார்ச் 10, சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, டென்மார்க்கின் ஓடென்ஸே நகரத்து ஆற்றோரப் பூங்காவில், சூப்பி மரம் என்று ஊரே அழைக்கும் லிண்டன் மரத்தின் கிளையொன்றில், விகா என்ற இரண்டே முக்கால் வயதுக் குழந்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்த ரப்பர் சூப்பிகள் நான்கும் மஞ்சள் நாடாவில் கோத்துக் கட்டப்பட்டன.

இலையில்லாத மரம் அது, ஆனால் மொட்டை மரம் என்று சொல்ல முடியாது. சூப்பியை விடுகிற வயது வந்த பிள்ளைகள் வருஷக்கணக்காகக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனவை கொத்துக்கொத்தாகத் தொங்கின. வெயிலில் வெளுத்தவை, பாசி பிடித்தவை, நேற்றுக் கட்டியவை. காற்று அடித்தால் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டன.

விகாவின் அம்மா ரிக்கே ஏலக்காய் பன்னும் குச்சியில் ஒட்டிய காகிதக் கொடியும் கொண்டுவந்திருந்தாள். மரத்துக்கு ஒரு கடிதமும் எழுதி, மழையில் நனையாமலிருக்க லேமினேட் செய்திருந்தாள். அதைக் குழந்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

"அன்புள்ள சூப்பி மரமே, நான் பெரிய பெண் ஆகிவிட்டேன். என் சூப்பிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். இப்படிக்கு, விகா."

விகா கவனமாகக் கேட்டாள். பிறகு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தன் தலைக்குச் சற்று மேலே ஓடிய கிளையைக் காட்டினாள்.

"இங்க. எனக்கு எட்டுற எடத்துல."

"அவளே கட்டணுமாம்," என்றாள் ரிக்கே. அவளுக்குப் பெருமையாக இருந்தது. விகாவின் அப்பா எஸ்பென் குனிந்து முடிச்சுப் போட, விகா ஒரு விரலால் நாடாவை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழுகை இல்லை, அடம் இல்லை. கொடியை ஆட்டிவிட்டு இரண்டாவது பன் கேட்டாள்.

எஸ்பெனுக்கு அந்த அமைதி பிடிபடவில்லை. நகரப் பேருந்து ஓட்டுகிறவன் அவன். அவனும் ரிக்கேவும் பிரிந்து ஒன்றரை வருஷமாகிறது. பதினான்கு இரவுகளில் ஒன்பது ரிக்கேவிடமும் ஐந்து அவனிடமும் என்பது ஏற்பாடு. அந்த ஐந்தை ஏழாக்க வேண்டும், ஆளுக்குப் பாதி என்று ஆக வேண்டும் என்பதுதான் இந்தக் குளிர்காலம் முழுக்க அவன் மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரே காரியம். அதற்காக மாலை ஷிப்டை விட்டுவிட்டுக் காலை ஷிப்டுக்கு மாறியிருந்தான். ரிக்கே மாட்டேன் என்று சொல்லவில்லை. அவள் சொன்னது வேறு.

"உன்கிட்டேர்ந்து வர்றப்பல்லாம் அவ வாயில சூப்பியோடதான் வர்றா, எஸ்பென். பகல் முழுக்க. பல் டாக்டர் என்ன சொன்னாங்க? முன்பல்லு சேரவே இல்ல, மூணு வயசுக்குள்ள நிறுத்துங்கன்னு. ஏப்ரல்ல மழலைப் பள்ளி ஆரம்பிக்குது, அங்க சூப்பி எடுத்துட்டுப் போகவே கூடாது. உனக்கு அவகிட்ட இல்லைன்னு சொல்லத் தெரியல."

தெரியவில்லைதான். அக்டோபர் விடுமுறையில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தான். இரண்டாம் நாளே தோற்றான். டிசம்பரில் மறுபடி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடையெல்லாம் பூட்டிக் கிடக்க, அழுகிற பிள்ளையைக் காரில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குவரை போய் ஒன்று வாங்கி வந்தான். நிலாப் படம் போட்ட அந்தச் சூப்பிதான் பிறகு விகாவுக்கு உயிராகிப்போனது. இப்போது நாடாவில் நான்காவதாகத் தொங்குவதும் அதுதான்.

புறப்படும்போது ரிக்கே சைக்கிளின் முன்பெட்டியைத் துடைத்தபடி சொன்னாள்: "வியாழக்கிழமை சாயங்காலம் குழந்தைகள் காப்பகத்துல வந்து கூட்டிக்கிறேன். அஞ்சு நாளு. எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு, ஏழுக்கு ஏழு பத்தி அப்ப பேசலாம்."

"சரி."

"வீட்ல வேற எங்கயாவது ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"நீதானே சோபா மெத்தையெல்லாம் தூக்கிப் பாத்த."

"காரு?"

"பாத்துக்கோ," என்று சாவியை நீட்டினான். அவள் வாங்கவில்லை. ஆனால் வாங்கலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

அன்று மதியம், வழக்கம்போல விகாவை வீட்டின் பின்முற்றத்தில் குழந்தைத் தள்ளுவண்டியில் கிடத்தி, இறகுப் போர்வையைக் கழுத்துவரை மூடி, வார் போட்டான். அந்த ஊர்க் குழந்தைகள் எல்லாரையும்போலக் குளிரில் வெளியே தூங்கிப் பழகிய பிள்ளை. சூப்பி இருந்தால் ஐந்து நிமிஷம். இல்லாமல், கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"சூப்பி தூங்குதாப்பா?"

"ஆமா, மரத்துல தூங்குது."

"நாளைக்கு," என்றாள்.

பிள்ளைப் பேச்சு என்று விட்டுவிட்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினான். கல் பாவிய பழைய தெருவில் வண்டி அதிர்ந்தால் தூக்கம் வரும் என்று அங்கே மூன்று தடவை போய் வந்தான். ஒரு மணி நேரம் கழித்துக் கண் மூடியது. அவனுக்கு நின்றால் விழித்துவிடுவாளோ என்று பயம். அவள் தூங்கிய நாற்பது நிமிஷமும் நடந்துகொண்டே இருந்தான்.

இரவு எப்படியோ கழிந்தது. நான்கு தடவை எழுந்தாள். நான்கு தடவையும் தண்ணீர் கொடுத்தான், முதுகைத் தடவினான், கண்ணாடி ஜன்னலில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்தில் ஒன்று என்று எண்ணிக்கொண்டான்.

ஞாயிறு காலை ஓட்ஸ் கஞ்சி பாதியிலிருக்க, விகா வாசல் நடைக்குப் போய்ப் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள். இடது கால் வலதில், வலது இடதில்.

"கெளம்புப்பா."

"எங்க செல்லம்?"

"சூப்பி எடுக்க."

எஸ்பென் கரண்டியைக் கீழே வைத்தான். "அதான் மரத்துக்குக் குடுத்துட்டோமே."

"குடுக்கல. மாட்டுனோம்."

"சரி, மாட்டுனோம். ஆனா..."

"கிளவுஸ் மாதிரி."

அவனுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

பத்து நாளைக்கு முன்னால் விகாவின் சிவப்புக் கையுறையில் ஒன்று வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. மறுநாள் காப்பகத்துக்குப் போகும்போது பார்த்தால், வேலிக் கம்பியின் முனையில் யாரோ அதை மாட்டி வைத்திருந்தார்கள், ஒரு சின்னக் கை வணக்கம் சொல்வதுபோல. அந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். தரையில் கிடப்பதைக் கண்ணில் படுகிற இடத்தில் எடுத்து மாட்டிவிட்டுப் போவார்கள், தொலைத்தவர் வந்து எடுத்துக்கொள்வார். எஸ்பென் அதைக் குழந்தைக்கு உட்கார்ந்து விளக்கியிருந்தான். "பாரு, யாரோ உனக்காக மாட்டி வெச்சிருக்காங்க. மாட்டி வெச்சது பத்திரமா இருக்கும். யாரோடதோ அவங்க வந்து எடுத்துக்கலாம்." அன்றிலிருந்து வேலியில் தொங்குகிற தொப்பி, புதர்மேல் கிடக்கிற காலுறை என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "இன்னும் வரல," என்று சொந்தக்காரர்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு எட்டுற எடத்துல என்று அவள் சொன்னதன் பொருள் இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"விகா, கேளு. கிளவுஸ் தொலைஞ்சது. சூப்பி தொலையல. நீயே கொண்டுபோய்க் குடுத்த."

"மரம் பாத்துக்குது. அம்மா படிச்சாங்க."

"ஆமா, பாத்துக்குது. ஆனா திரும்பக் குடுக்காது."

"ஏன்? மரத்துக்கு வாயே இல்லையே."

அவன் கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினான். "வேற யாரு எடுப்பாங்க?" என்று அவள் தொடர்ந்தாள்.

"யாருமே எடுக்க மாட்டாங்க."

"அப்ப நான் எடுத்துக்கிறேன்," என்று கதவைப் போய்த் தட்டினாள்.

அன்று மதியம் தூங்கவில்லை. சாயங்காலம் ரொட்டித் துண்டைத் தரையில் எறிந்தாள். ஈரல் விழுது தடவிய பக்கம் கீழே விழுந்தது. "எடுக்கப் போலாம்" என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று. எஸ்பென் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்தான். தட்டைக் கழுவினான், கழுவிய தட்டையே மறுபடி கழுவினான். ரிக்கேவைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தான். சொன்னால் என்ன கேட்பாள் என்றும் தெரியும்: இரண்டாம் நாளேவா? போனைக் கவிழ்த்து வைத்தான்.

திங்கள் மாலை காப்பகத்தில் பெந்தே அவனை நிறுத்தினாள். முப்பது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். ஏப்ரனில் எப்போதும் யாரோ ஒருவரின் மூக்குச்சளி காய்ந்திருக்கும்.

"எஸ்பென், ஒரு நிமிஷம். உன் பொண்ணு இன்னைக்கு வக்கீல் வேலை பாத்தா."

"என்ன பண்ணா?"

"தூங்குற நேரத்துல எல்லாருடைய வண்டியும் கொட்டகையில வரிசையா நிக்குது. இவ எழுந்து உக்காந்துட்டு, 'என் சூப்பி பூங்காவுல மாட்டியிருக்கு, அப்பா வந்து எடுத்துத் தருவாரு'ன்னு ஊருக்கே அறிவிப்பு குடுக்குறா. அப்புறம் பாத்தா மத்த நாலு பேரும் தூங்கல."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"சொல்லலையா? அவகிட்ட சாட்சி இருக்கு." பெந்தே சுவரோரம் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினாள். காணாமல்போன கையுறைகளும் தொப்பிகளும் அதில் கிளிப் போட்டுத் தொங்கின. "இத பாரு. தினமும் இதுலேர்ந்து எடுத்துச் சொந்தக்காரங்ககிட்ட குடுக்குறது யாரு? நான். 'பெந்தேவும் குடுப்பாங்க'ங்குறா. நானும் கூட்டுக் களவாணியாயிட்டேன்."

எஸ்பென் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"ரெண்டு பெரியவங்க," என்றாள் பெந்தே, "ஒரு மரம், கொடி, பன்னு, கடுதாசி. எல்லாம் இருந்துச்சு. இது திரும்ப வராதுங்குறத மட்டும் யாரும் சொல்லல போலிருக்கு."

"ஞாயித்துக்கிழமை சொன்னேன்."

"சொல்றப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவன் விகாவின் பனி உடுப்பின் ஜிப்பை மேலே இழுத்தான். கீழே இறக்கி மறுபடி இழுத்தான்.

"எங்ககிட்ட தூங்காம கெடந்தா பரவாயில்ல," என்றாள் பெந்தே. "ரெண்டு நாள்ல களைச்சுப்போயிடுவா. நீ களைச்சுப்போயிடாத."

அவன் ஓட்டுவது பூங்கா வழியாகப் போகும் பேருந்து. ஒரு சுற்றுக்கு நாற்பத்தெட்டு நிமிஷம், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை மரம் தெரியும். செவ்வாய்க்கிழமை அதை அவன் பதினான்கு தடவை பார்த்தான். தாழ்ந்த கிளையும் மஞ்சள் நாடாவும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெளிவாகத் தெரிந்தன. ஒன்பதாவது தடவை யாரோ ஒரு பையன் அந்தக் கிளையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். எஸ்பென் அந்தப் பையனையே பார்த்தான். சிக்னலில் பச்சை விழுந்தும் நகராமல் நின்றவனுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "தூங்கிட்டீங்களா டிரைவர்?" என்று கேட்டார். மூன்று இரவுகளாகத் தூங்கவில்லை என்பதால் அவனால் கோபப்படவும் முடியவில்லை.

அன்று மாலையும் விகா பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள். "நாளைக்குப் போலாம்," என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. விகா உடனே அமைதியானாள். பூட்ஸைக் கழற்றி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கதவோரம் வைத்தாள். அன்றிரவு இரண்டே தடவைதான் எழுந்தாள். தான் கொடுத்த வாக்கின்மேல்தான் அவள் தூங்குகிறாள் என்பது அவனைத் தூங்கவிடவில்லை.

புதன்கிழமை பத்தே முக்காலுக்கு, ஓட்டுநர் மாறுகிற பூங்கா நிறுத்தத்தில் இறங்கினான். அரை மணி இடைவேளை. வழக்கமாக ஓய்வறையில் காபி குடிப்பான். இன்று நேராக மரத்துக்கு நடந்தான். திட்டம் எளிது: நாடாவை அவிழ்த்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிடுவது. எட்டாவிட்டால் எடுக்க முடியாது, எடுக்க முடியாவிட்டால் பேச்சு முடிந்தது.

முடிச்சு உறைந்து இறுகியிருந்தது. கையுறையைக் கழற்றி நகத்தால் நோண்டினான். ஒரு வழியாக அவிழ்ந்தது. நிலாச் சூப்பி நாடாவின் முனையிலிருந்து நழுவி அவன் உள்ளங்கையில் விழுந்தது. ஓரம் முழுக்கக் கடித்த தடம். ஈரமாக, சில்லென்று, கனமே தெரியாமல் கிடந்தது.

"என்ன பண்றீங்க?"

தள்ளுவண்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் பிள்ளை வாயில் பச்சைச் சூப்பியோடு அவனையே பார்த்தது. பேருந்துச் சீருடையில் ஒரு ஆள் சூப்பி மரத்தில் சூப்பி திருடுவதை அது இதற்குமுன் பார்த்ததில்லை போலும்.

"இது என் பொண்ணோடது," என்றான்.

"எல்லா அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்று சிரித்தாள் அந்தப் பெண். "எங்க மூத்தவனுக்குக் கட்டுனப்ப எங்க வீட்டுக்காரர் மறுநாளே டார்ச் லைட்டோட வந்தாரு. நீங்க எத்தனாவது நாள்?"

"அஞ்சு."

"பரவாயில்லையே. தாக்குப் பிடிச்சிருக்கீங்க."

"எடுக்கல. மேல கட்டத்தான் வந்தேன்."

"சரிங்க," என்றாள் அவள், நம்பாமலும் குற்றம் சொல்லாமலும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

எஸ்பென் கைக்கு எட்டிய மட்டும் உயரமான கிளையில் நாடாவைக் கட்டினான். கடிதத்தையும் கட்டினான். மூன்று சூப்பிகள். நிலாவைக் கோக்க நாடாவின் முனையைத் தேடினான். விரல் விறைத்திருந்தது, இடைவேளை முடிய ஆறு நிமிஷம் இருந்தது, தூரத்தில் அவன் அடுத்து ஓட்ட வேண்டிய பேருந்து திரும்புவது தெரிந்தது. இதெல்லாம் பிறகு அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மையில் அவன் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். போட்டுக்கொண்டதும் நாலு நாளாகப் பிடித்திருந்த தோள் சட்டென்று தளர்ந்தது. கை மீறினால் ஒன்று இருக்கிறது. அன்று மீதிச் சுற்றுகளில் ஒரு தடவைகூட மரத்தைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு விகாவைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனான். சொன்ன சொல். அவள் சிவப்புக் கையுறைகளோடு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். தாழ்ந்த கிளைக்கு அடியில் போய் நின்று, கையை உயர்த்தினாள். கிளை வெறுமையாக இருந்தது.

அழவில்லை. மரத்தை ஒரு சுற்று வந்தாள். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மேலே பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். மஞ்சள் நாடாவை அவளுக்குத் தெரியாதா?

"யாரு மேல போட்டா?"

எஸ்பெனுக்குப் பொய்கள் வரிசையாக வந்தன. காற்று. மரம். பூங்காக்காரர். எல்லாமே நல்ல பொய்கள், மூன்று வயதுகூட ஆகாத பிள்ளைக்குப் போதுமானவை. அவள் விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்றுக்கு மேல் சரியாக எண்ண வராது. எண்ணத் தேவையும் இருக்கவில்லை.

"நிலாவக் காணோம்."

அவன் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. சூப்பி இப்போது உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகியிருந்தது.

"நிலா எங்கப்பா? யாரோ எடுத்துட்டாங்க! அது என்னோடது!" உதடு துடித்தது. சூப்பி போனதைவிட, மாட்டி வைத்ததை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பதுதான் அவளை உலுக்கியது. அப்படி நடக்கக் கூடாது. நடக்காது என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

எஸ்பென் மண்டியிட்டான். பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் விரித்துக் காட்டினான்.

"நான்தான் எடுத்தேன். மேல கட்டுனதும் நான்தான்."

அவள் கை பாய்ந்தது. அவன் விரலை மூடிக்கொண்டான்.

"உன்னோடதுதான் விகா. ஆனா இனிமே உனக்குக் கெடைக்காது. நான் உனக்குத் தப்பா சொல்லிட்டேன். கிளவுஸ் மாட்டினா திரும்ப எடுத்துக்கலாம். இந்த மரத்துல மாட்டினா எடுக்க முடியாது. யாருமே எடுக்க முடியாது. நான் எடுத்தது தப்பு. இப்ப இதையும் கட்டப்போறேன், நீ பாக்குற மாதிரி."

அவள் போட்ட கூச்சலில் ஆற்று வாத்துகள் கரையிலிருந்து இறங்கிப் போயின. தரையில் விழுந்தாள். அவன் முழங்காலில் உதைத்தாள். சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, மரத்தைப் பார்த்துவிட்டு, புரிந்துகொண்டு போனார்கள். எஸ்பென் எழுந்து, கிளையை வளைத்து, நாடாவில் நிலாவைக் கோத்து முடிச்சுப் போட்டான். நாடா வழுக்கியதால் மூன்று தடவை போட வேண்டியிருந்தது. கிளையை விட்டதும் நான்கும் மேலே போய் ஆடின.

பிறகு அவள் பக்கத்தில் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்தான். தூக்கப் போனால் உதைத்தாள், நகர்ந்தால் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். அதனால் அசையாமல் இருந்தான். ஐந்து நாளில் அவன் அசையாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. முப்பத்தைந்து நிமிஷம். கடைசியில் அவள் எழுந்து, மூக்கை அவன் தோளில் துடைத்து, "வீட்டுக்கு," என்றாள்.

ஆறு மணிக்குச் சாப்பிடும்போதே தட்டின்மேல் தலை சாய்ந்துவிட்டது. காலைவரை எழவில்லை.

வியாழக்கிழமை காப்பகத்துக்குப் போகும் வழியில் ஒரு வேலிக் கம்பியில் பெரியவர்கள் போடுகிற தோல் கையுறை ஒன்று மாட்டியிருந்தது. விகா நின்றாள்.

"இது திரும்பக் கெடைக்குமா, கெடைக்காதா?"

"கெடைக்கும்."

பத்தடி தள்ளி, தந்திக் கம்பியில் ஒரு வெள்ளி பலூன் சிக்கியிருந்தது. "அது?"

"அது கெடைக்காது."

தலையாட்டிவிட்டு நடந்தாள். காப்பகம் போய்ச் சேர்வதற்குள் ஏழு பொருள்களைப் பற்றிக் கேட்டாள். அவன் ஏழுக்கும் யோசித்துத்தான் பதில் சொன்னான்.

மாலை நான்கு மணிக்கு ரிக்கே வந்தாள். எஸ்பென் வாசலில் காத்திருந்தான். அன்று மாலை அவன் வர வேண்டியதே இல்லை. பெந்தே உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, திரும்பி வேறு வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டாள்.

"மதியம் ரெண்டு மணி நேரம் தூங்கினாளாம்," என்றாள் ரிக்கே. "சூப்பி இல்லாம. பெந்தே போன்ல சொன்னாங்க. நிஜமாவே அஞ்சு நாளும் குடுக்கலையா?"

ஆமாம் என்று சொன்னால் அது பொய்யில்லை. அவன் முழுவதையும் சொன்னான். வேலிக் கையுறை, எட்டுகிற கிளை, நாளைக்கு என்று சொல்லித் தூங்க வைத்தது, இடைவேளையில் மரத்துக்குப் போனது, நிலாவைப் பையில் போட்டுக்கொண்டது, நாலு மணி நேரம் பையில் வைத்துக்கொண்டே பேருந்து ஓட்டியது.

ரிக்கே சைக்கிள் பூட்டைத் திறந்து மூடினாள்.

"பத்திரமா பாத்துக்கோன்னு எழுதினது நான்," என்றாள் கடைசியில்.

"மாட்டி வெச்சா எடுத்துக்கலாம்னு சொல்லிக் குடுத்தது நான்."

"அவ மேல என்ன தப்பு?"

"ஒண்ணுமில்ல."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது.

"பையில போட்டுக்கிட்டது எனக்குப் பிடிக்கல எஸ்பென்."

"எனக்கும்தான்."

"சொல்லாம இருந்திருக்கலாம் நீ."

"அவ சொல்லிடுவாளே," என்றான். "அவளுக்கு எல்லாம் தெரியும்." பிறகு, "அதுக்காகச் சொல்லல," என்றான்.

"தெரியும்," என்றாள் ரிக்கே. போனில் நாள்காட்டியைத் திறந்தாள். "ஏழு-ஏழு இப்ப வேணாம். ஏப்ரல்ல புதுப் பள்ளி, புது முகங்க. எல்லாத்தையும் ஒரே மாசத்துல மாத்தினா தாங்க மாட்டா. எட்டு-ஆறு. உன் முறை வர்றப்ப வெள்ளிக்கிழமை காலைவரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும். ஆகஸ்ட்ல மறுபடி பேசலாம்."

அவன் வாய் திறந்தான். ஏழு என்று சொல்லத்தான். உள்ளேயிருந்து விகா ஒரு கையில் மட்டும் கையுறையோடு வந்தாள். பெந்தே பின்னாலேயே வந்து, "கயித்துல இருந்துச்சு," என்று இன்னொன்றை நீட்டினாள்.

"சரி," என்றான் எஸ்பென்.

ஏப்ரல் மாதத்திலிருந்து பதினான்கு இரவுகளில் எட்டு ரிக்கேவிடமும் ஆறு எஸ்பெனிடமும் என்று ஏற்பாடு மாறியது. விகா மழலைப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே முதல் வாரம் மதியத்தில் தூங்கவில்லை. இரண்டாம் வாரம் தூங்கினாள்.